வீதியில் மறித்ததில் தொடங்கிய போதைப்பொருள் வழக்கு: மேன்முறையீடு செய்வது எப்படி?

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை திரும்பும் வழியில் பொலிஸார் மோட்டார் சைக்கிளை மறிக்கிறார்கள். லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரி. ஆனால் சீட்டுக்கு அடியில் ஒரு சிறு பொதி. வழக்கு நடந்து, நீதவான் குற்றவாளி என்று தீர்த்துவிட்டார். இனி என்ன?

படி 1: நாளை எண்ணுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை மேன்முறையீட்டுக்குத் தருவது 14 நாட்கள்தான். தீர்ப்பு வந்த நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். மனுவைக் கொடுப்பது தீர்ப்பளித்த அதே நீதவான் நீதிமன்றத்தில். விசாரிப்பது மாகாண மேல் நீதிமன்றம். போதைப்பொருளின் அளவு பெரிதாகி வழக்கே மேல் நீதிமன்றத்தில் நடந்திருந்தால்தான் கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி ஊடாக மனுவைக் கொடுக்கலாம். நாள் தவறிவிட்டால், தீர்ப்பைத் திரும்பப் பார்க்கும்படி மேல்மன்றத்தைக் கேட்கும் மீளாய்வு மனு என்றொரு வழி உண்டு, ஆனால் தாமதத்துக்கும் விசேட காரணத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

படி 2: குற்றத்தை ஒப்புக்கொண்டீர்களா? "ஒத்துக்கொண்டால் தண்டப்பணத்தோடு முடிந்துவிடும்" என்று யாரோ சொல்ல, தலையாட்டியவர்கள் நம்மூரில் நிறைய. அப்படியானால் சட்டப் பிரச்சினை ஒன்றை வைத்து மட்டுமே மேன்முறையீடு செய்ய முடியும். அது விசாரிக்கத் தகுந்ததென ஒரு சட்டத்தரணி சான்று தரவும் வேண்டும்.

படி 3: வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள். மேன்முறையீட்டில் சாட்சிகளைத் திரும்ப ஏற்றி விசாரிக்கப் போவதில்லை. நீதிபதி படிப்பது ஏட்டில் இருப்பதைத்தான். குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்க முடியாது.

படி 4: ஓட்டையைத் தேடுங்கள். முழு உழைப்பும் இங்கேதான். பலர் "காரணமில்லாமல் மறித்தார்கள்" என்பதையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இலங்கையில் சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காகச் சான்று தானாகவே தள்ளுபடியாவதில்லை. மறித்த விதத்தில் பொலிஸாரின் கதை ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அவர்களின் நம்பகத்தன்மையைத் தாக்க அது உதவும், அவ்வளவுதான்.

அதைவிடப் பொதி போன பாதையைப் பாருங்கள். யார் எடுத்தார், எங்கே எடை பார்த்தார், உங்கள் முன்னால் முத்திரையிட்டாரா, சான்றுப்பொருள் பதிவேட்டில் எப்போது பதிந்தார், பொருளைப் பரிசோதித்து அறிக்கை தரும் அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் யார் கொண்டுபோனார்? கைமாறிய ஒவ்வொருவரும் சாட்சி சொன்னாரா? பொலிஸ் சொன்ன மொத்த எடைக்கும் பகுப்பாய்வாளர் குறித்த மொத்த எடைக்கும் வித்தியாசம் இருந்து, அதற்கு விளக்கமும் இல்லையென்றால் அதுவே பலமான காரணம். மொத்த எடையும் தூய போதைப்பொருளின் எடையும் வேறு வேறு என்பதையும் மறக்காதீர்கள். இரண்டையும் குழப்பி எழுதிய மனு முதல் வாசிப்பிலேயே பல்லிளிக்கும்.

அடுத்தது உடைமை. வண்டி அண்ணனுடையது, நீங்கள் பின்னால் இருந்து வந்தவர் என்றால், பொதி அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றும் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது என்றும் வழக்குத் தொடுநர் நிரூபித்தாரா? பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. விளங்காத சிங்களத்தில் எழுதியதற்குக் கையொப்பம் வைத்திருந்தால் அதையும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

படி 5: மனுவை எழுதுங்கள். காரணங்களைச் சுருக்கமாக, இலக்கமிட்டு எழுதுங்கள். இரண்டு பலமான காரணங்களை முன்னால் வையுங்கள். பத்துச் சில்லறைக் காரணங்களுக்குள் அவற்றைப் புதைக்காதீர்கள். நீங்களோ சட்டத்தரணியோ கையொப்பமிட வேண்டும். காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கு முதல் வாரத்திலேயே போங்கள்.

படி 6: பிணை. மனு கொடுத்ததும் சிறைக்கதவு திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மேன்முறையீடு முடியும்வரை பிணை வேண்டுமென்று கேட்க வேண்டும். பிணையாளிகளை முன்பே தயார் செய்யுங்கள். அப்புறம், வீடு மாறினால் நீதிமன்றப் பதிவாளருக்குப் புதிய முகவரியை எழுதிக் கொடுங்கள். விசாரணைத் திகதி சொல்லும் அறிவித்தல் பழைய வீட்டுக் கேற்றில் செருகிக் கிடந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?