பாசமா, பிடியா? எல்லையோரக் கல்லூரியில் ஒரு உளவியல் திகில் கதை எழுதுவது எப்படி

தோழியை விடாமல் பிடித்துக்கொள்ளும் தோழி பற்றிக் கதை எழுத உட்காரும் பலர், முதல் பக்கத்திலேயே கத்தியைக் காட்டிவிடுகிறார்கள். தேவையே இல்லை. இவள் செய்வது பாசமா, பிடியா என்ற குழப்பம் கடைசி வரை நின்றாலே போதும். அதைப் பொள்ளாச்சி-பாலக்காடு எல்லையை வைத்துக் கட்டிப் பார்ப்போம்.

படி 1: ஒருத்தியிடம் இல்லாதது இன்னொருத்தி கையில் இருக்கட்டும்

சுகன்யா பொள்ளாச்சிப் பக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கேரளத்துச் சித்தூர் வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் சேருகிறாள். (கல்லூரிக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள், வம்பு வேண்டாம்.) மலையாளம் காதில் விழுந்தால் பாதி புரியும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. ரேவதி அதே வட்டாரத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பஸ் போர்டு, ஹாஸ்டல் நோட்டீஸ், ஸ்காலர்ஷிப் படிவம் எல்லாவற்றையும் படித்துச் சொல்வது அவள்தான்.

இங்கே அவசரப்படாதீர்கள். ரேவதி சொல்வதெல்லாம் வெகுநேரம் உண்மையாகவே இருக்கட்டும். பிறகு, சுகன்யா ஊருக்குக் கிளம்பும் ஒரு வெள்ளிக்கிழமை, நோட்டீஸைப் பார்த்துவிட்டு "நாளைக்கு கிளாஸ் இருக்குதாம்டி" என்பாள். சனிக்கிழமை போனால் வகுப்புக்குப் பூட்டு. பின்னாலேயே ரேவதி வருவாள்: "மாத்திட்டாங்க போல. போனா போகுது, வீட்டுக்கு வா, அம்மா கோழிக் கொழம்பு வெச்சிருக்குது." சாப்பிட்டுக் கை கழுவும்போது, எழுத்துக் கற்றுக்கொடு என்று சுகன்யா கேட்கட்டும். "நாந்தான் இருக்கறனே, உனக்கெதுக்குடி அதெல்லாம்?" ரேவதி இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்தினாலோ முறைத்தாலோ காட்சி கெட்டது.

படி 2: போனைக் கொடுங்கள்

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி, 8 மணி நேரம் என்று பகிரலாம். சுகன்யாவின் போனில் ரேவதி 8 மணி நேரத்தை அழுத்தித் தருவாள். பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கத்தானாம். அது தானாக நின்றுவிடும் என்பதால் சுகன்யா தினமும் காலையில் புதிதாக அனுப்ப வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவளே அனுப்புகிறாள். திகில் அங்கே இருக்கிறது.

படி 3: கோபம் வேண்டாம், மௌனம் போதும்

எப்போதாவது மட்டும் தீனி கிடைத்த புறாக்கள், தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்ததை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் சோதனைகளில் காட்டினார். சுகன்யாதான் அந்தப் புறா, எப்போதாவது தீனி போடுபவளாக ரேவதியை எழுதுங்கள். ஒருநாள் லொகேஷன் வரவில்லையென்றால் சண்டை போடமாட்டாள். மெசேஜைப் படித்துவிட்டுப் பதில் போடமாட்டாள். மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல் பழம்பொரி வாங்கி வருவாள். நான்காம் நாள் சுகன்யா என்ன செய்வாள் என்பதை யோசித்து எழுதுங்கள்.

படி 4: போலீஸை எளிதாக வரவிடாதீர்கள்

இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு, பின்தொடர்தலை ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குச் செய்யும் குற்றமாகத்தான் வரையறுக்கிறது. இங்கே இருவரும் பெண்கள். "ஃபிரெண்டுதானேம்மா, பேசித் தீர்த்துக்கோங்க" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பும் காட்சி இயல்பாக நிற்கும். ஆனால், எல்லை தாண்டினால் புகாரே வாங்கமாட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஜீரோ எஃப்.ஐ.ஆர். உண்டு, வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம்.

படி 5: யார் சொல்வது?

முதல் கதை என்றால் சுகன்யாவே சொல்லட்டும். ரேவதிக்கு ஒரே ஓர் அத்தியாயம் கொடுங்கள். அதில் அவள் பக்கம் முழு நியாயம் இருக்க வேண்டும். கடைசியில் அவளுக்கு மனநோய் என்று சீட்டு ஒட்டி முடிப்பது சோம்பேறித்தனம். நோயாளிகளுக்கும் அநியாயம்.

பருவம்? ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் அடியில் ஹாஸ்டல் ஜன்னல் சும்மா இருக்காது. இரண்டு வரி போதும்.

படி 6: முடிச்சை அவிழ்ப்பது

போன் கேமராவில் எழுத்தைக் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் கூகுள் லென்ஸ் இருக்கிறதே என்று வாசகர் கேட்பார். அதுதான் உங்கள் உச்சக்கட்டம். ரேவதி படித்துச் சொன்ன நோட்டீஸ்களை சுகன்யா அவ்வப்போது போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். ஓர் இரவு அவற்றை ஒவ்வொன்றாக லென்ஸில் காட்டுகிறாள். முதல் மூன்றும் ரேவதி சொன்னபடியே இருக்க, அவளைச் சந்தேகப்பட்டோமே என்று சுகன்யா வெட்கப்படட்டும். நான்காவதில் திருப்புங்கள். இதற்காக, கதை தொடங்கும் முன்பே எந்தத் தேதியில் எந்த நோட்டீஸ், அதில் உண்மையில் என்ன இருந்தது, ரேவதி என்ன சொன்னாள் என்று ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதியில் நீங்களே குழம்பிவிடுவீர்கள்.