காரை மேட்டில் அம்மோனைட்டை அடையாளம் காண்பது எப்படி

அம்மோனைட் என்பது எப்போதோ அழிந்துபோன ஒரு கடல் பிராணி. அதன் சுருண்ட ஓடு கல்லாகிக் காரையில் கிடக்கிறது. அதைத் தேட, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை காய்ந்த பிறகு, தை மாசியில் போங்கள். மழை களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும், உள்ளே கிடந்தது மேலே தெரியும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் பிரிந்து கிழக்கே போனால் காரை. மரம் நிழல் எதுவும் இல்லாமல், மழைநீர் அரித்த மொட்டை மேடுகள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடி.

உச்சி வெயிலில் தேடாதீர்கள். மாலை நாலரைக்கு மேல் வெயில் சாயும்போதுதான் ஓட்டின் வரிகளுக்கு நிழல் விழும். நடந்துகொண்டே பார்த்தாலும் பிடிபடாது. குந்தி உட்கார்ந்து, ஒரு பாய் அளவு இடத்தை நிதானமாகப் பாருங்கள்.

முதலில் பளபளவென்று நார்நாராகக் கண்ணில் படுவது ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும். விரல் கனத்தில், தோட்டா போல, நுனி கூராக ஒன்று கிடந்து, அதில் நகக்கோடு விழவில்லை என்றால் அது பெலம்னைட்டாக இருக்கலாம். கணவாய்க்கு உறவான பிராணியின் உள்கூடு அது.

சரி, அம்மோனைட்டுக்கு வருவோம். சுருளைப் பார்த்ததும் முடிவு செய்துவிடக் கூடாது. நத்தைக்கும் சுருள் உண்டு. தட்டையாகச் சுருண்டால் அம்மோனைட், கோபுரமாகச் சுருண்டால் நத்தை என்றும் பிரிக்க முடியாது. காரையில் கிடைக்கும் டர்ரிலைட்டிஸ் அம்மோனைட்தான், ஆனால் கோபுரம்போலவே சுருண்டிருக்கும். நான் நம்புவது தையல்கோட்டை. நத்தை ஓட்டின் உள்ளே ஒரே நீண்ட குழல். அம்மோனைட்டில் அறை அறையாகத் தடுப்புகள். அந்தத் தடுப்பு ஓட்டைத் தொடும் இடம்தான் தையல்கோடு. மேலோடு உதிர்ந்த கல்லில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள், கொத்தமல்லி இலையின் ஓரம் மாதிரி நெளிநெளியாக ஓடும். நாட்டிலஸ் என்று இன்றும் கடலில் வாழும் உறவுக்காரப் பிராணி ஒன்று உண்டு, அதன் ஓட்டில் அதே கோடு வெறும் வளைவாக இருக்கும். முதல்முறை அந்த நெளிவைப் பார்த்த அன்று, இருட்டும்வரை நான் அந்த இடத்தை விட்டு எழவில்லை.

எடுத்துக்கொண்டு வராதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் உள்ளங்கை அளவு ஒன்றைப் பெயர்த்து வந்து ஒரு பேராசிரியரிடம் காட்டினேன். "எந்த அடுக்கில் கிடந்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. எந்த அம்மோனைட் எந்த அடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் பாறையின் வயதையே கணிக்கிறார்கள். அதைத் தொலைத்துவிட்டுக் கல்லை மட்டும் வைத்திருந்தேன்.

அதனால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேடு முழுவதும் தெரிய ஒன்று என மூன்று படம் எடுங்கள். செல்போனில் இடக்குறியீட்டைப் பதிந்துகொள்ளுங்கள். புரட்டிப் பார்த்திருந்தால் இருந்த பக்கமே திருப்பி வையுங்கள். அப்புறம் அரியலூர் பக்கம் வாரணவாசியில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய், உங்கள் படத்தை அங்குள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.