முதல் பனிச்சறுக்கல் விடுமுறைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய உடைகள்

சுவிற்சர்லாந்துக்குப் புதிதாக வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பனிச்சறுக்கல் பிள்ளைகளின் பாடசாலை வழியாகத்தான் அறிமுகமாகிறது. பெப்ரவரியை ஒட்டி, மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு வாரங்களில் வரும் விளையாட்டு விடுமுறையில் வகுப்புத் தோழர்கள் மலைக்குப் போகிறார்கள். சில பாடசாலைகள் தாமே ஸ்கீ முகாம் நடத்துகின்றன. அடுத்த ஆண்டு நாங்களும் போவோமா என்று பிள்ளை கேட்கத் தொடங்கிவிடுகிறது. பணம் ஒதுக்கி, தங்குமிடமும் பதிவுசெய்த பிறகு, உடை விடயத்தில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். கடையில் இருப்பவற்றுள் ஆகத் தடித்த ஜக்கெற்றை எல்லோருக்கும் வாங்கி, அதற்குள் வழக்கமான கொட்டன் பெனியனையும் ஜீன்ஸையும் போட்டுக்கொண்டு புறப்படுகிறார்கள். மலையில் ஒருவர் குளிரில் நடுங்குவதற்கு உடையின் மெலிவைவிட அதன் ஈரமே பெரிய காரணம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்பது தானாகவே தெளிவாகும்.

சறுக்கி இறங்கும்போது உடல் சூடேறி நன்றாக வியர்க்கும். கீழே வந்ததும் அதே வியர்வையோடு கதிரை லிப்டில் ஏறி, காற்று முகத்தில் அடிக்க, அசையாமல் அமர்ந்து மேலே போக வேண்டும். வியர்வையை உறிஞ்சி வைத்திருக்கும் பருத்தித் துணி அந்த நேரம் முழுவதும் உடற்சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் பழகுபவர் பாதி நேரத்தைப் பனியில் விழுந்தெழுவதிலேயே கழிப்பார் என்பதால், ஜீன்ஸ் போட்டிருந்தால் வெளியிலிருந்தும் ஈரம் ஊறும். ஆகவே தோலில் படும் உடையில் பருத்தியே வேண்டாம். மெரினோ கம்பளியில் அல்லது செயற்கை இழையில் செய்த, உடலோடு படியும் நீளக்கைச் சட்டையும் உட்காற்சட்டையும் ஆளுக்கு இரண்டு தொகுதி இருந்தால், ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம். அதன்மேல் ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கை இழைத் துணியில் செய்த ஒரு சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே நீரும் காற்றும் புகாத ஜக்கெற்றும் ஸ்கீ காற்சட்டையும். ஜக்கெற்றில் தொங்கும் அட்டையில் நீர் தாங்கும் அளவு மில்லிமீற்றரில் எழுதப்பட்டிருக்கும்; 10,000 என்று இருந்தால் ஒரு வாரக் குடும்ப விடுமுறைக்குத் தாராளமாகப் போதும்.

சிறு பிள்ளைகளுக்குத் தோள்பட்டி வைத்த காற்சட்டையே நல்லது, ஏனெனில் விழுந்து புரளும்போது இடுப்புப் பக்கமாகப் பனி உள்ளே போகாது. ஆனால் கழிப்பறைக்கு ஓடும் அவசரத்தில் அந்தப் பட்டியைப் பிள்ளை தானே கழற்ற முடியுமா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காற்சட்டையின் அடியில், உட்புறமாக, இறப்பர் நாடா வைத்துத் தைத்த இன்னொரு துணி வளையம் இருக்கும். அதைச் சப்பாத்துக்கு மேலாக இழுத்து விட வேண்டும். சப்பாத்துக்குள் திணித்தால் துணி மடிந்து காலை அழுத்துவதோடு, பனியும் நேராக உள்ளே இறங்கும்.

ஆகக் குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியதும் ஆகக் கூடுதலாகப் பிழைவிடப்படுவதும் காலுறைதான். குளிருமே என்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சோடி போடுவது நம்மிடையே இயல்பு. ஸ்கீ சப்பாத்தின் வெளிக்கூடு இறுகிய பிளாஸ்ரிக். உள்ளே இடமே இருக்காது. இரண்டு காலுறை போட்டால் துணி மடிப்புகள் கெண்டைக்காலை நெருக்கி, இரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் கூடுதலாகக் குளிரும், மாலையில் தோலும் கன்றிப்போயிருக்கும். முழங்கால் வரை நீளும் மெல்லிய ஸ்கீ காலுறை ஒரே ஒரு சோடி. அதைத் தவிர வேறு எந்தத் துணியும் சப்பாத்துக்குள் போகக் கூடாது. உட்காற்சட்டையின் நுனியையும் சப்பாத்தின் விளிம்புக்கு மேலே சுருட்டி விட வேண்டும், அல்லது முக்கால் நீளத்தில் வாங்க வேண்டும். வாடகைக் கடையில் சப்பாத்து அளவு பார்க்கப் போகும்போது, மலையில் போடப்போகும் அதே காலுறையை அணிந்துகொண்டு போங்கள்.

கையுறையில் மிச்சம் பிடிக்காதீர்கள். கம்பளி நூலில் பின்னிய கையுறை நகரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது நன்றாக இருக்கும். பனியைத் தொட்டால் சிறிது நேரத்தில் ஈரமாகிவிடும். பிள்ளைக்குப் பெருவிரல் தனியாகவும் மற்ற நான்கு விரல்களும் ஒரே அறையிலும் இருக்கும் நீர்புகாக் கையுறையே ஏற்றது, ஏனெனில் சேர்ந்திருக்கும் விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும். ஸ்கீ பயிற்சியில் ஒரு பிள்ளை அழத் தொடங்கினால் முதலில் அதன் கையைத் தொட்டுப் பாருங்கள்: பெரும்பாலும் நனைந்த கையுறையும் சிவந்த விரல்களுமே காரணமாக இருக்கும். பிள்ளைக்கு மாற்றுச் சோடி ஒன்று கட்டாயம் உங்கள் பையில் இருக்கட்டும்.

சுவிற்சர்லாந்தில் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆயினும் விபத்துத் தடுப்பு அமைப்பான பிஎஃப்யூ அதை அணியச் சொல்கிறது, சரிவுகளில் ஏறக்குறைய எல்லோருமே அணிந்திருப்பார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை இதில் பேச்சுக்கே இடமில்லை. இஎன் 1077 என்ற தரக் குறியீடு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். குஞ்சம் வைத்த தடித்த தொப்பியை உள்ளே போட்டால் கவசம் தலையில் சரியாகப் படியாது. கழுத்துக்குச் சால்வை வேண்டாம்; அதன் தொங்கும் நுனி லிப்டில் சிக்கினால் ஆபத்து. குழாய் வடிவில் தைத்த கழுத்துறை போதும், காற்று அடித்தால் மூக்கு வரை இழுத்துவிடலாம். நீளக் கூந்தலைக் கொண்டையாக உயர்த்தாமல், கழுத்தோடு தாழ்வாகப் பின்னி ஜக்கெற்றுக்குள் விடுவது நல்லது. வளையலையும் தொங்கும் தோட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதைத் தோலோடு ஒட்டிய முதல் சட்டைக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் எதிலும் மாட்டாது.

உயரம் கூடக் குளிர் கூடும் என்பது பொது விதி. 1000 மீற்றருக்குச் சராசரியாக 6.5 பாகை குறையும். சூரிச் நகரம் சுமார் 400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பனிச்சறுக்கல் ஊரான அரோசாவின் வைஸ்ஹோர்ன் மலையுச்சி 2653 மீற்றரில் இருக்கிறது. அந்தக் கணக்கில் 14, 15 பாகை வேறுபாடு வரும். ஆனால் குளிர்காலத்தில் இது பல நாட்கள் தலைகீழாகவும் அமையும். தாழ்நிலம் சாம்பல் நிற மூட்டத்துக்குள் உறைந்து கிடக்கும்போது, மேலே நீலவானமும் கண்ணைக் கூசும் வெயிலுமாக இருக்கும். அந்த வெயிலைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 1000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. புதிதாகப் பெய்த பனி அதில் 80 வீதம் வரை திருப்பி அனுப்புகிறது. கறுத்த தோல் வெயிலில் எரியாது என்று நம்மவர்கள் சொல்வது மலையில் பொருந்தாது. 50 காரணி உள்ள வெயில் பசையை முகத்துக்கு மட்டும் பூசாமல், கீழிருந்து கதிர் படும் நாடியின் அடியிலும் மூக்குத் துளைகளின் ஓரத்திலும் பூச வேண்டும். உதட்டுக்குத் தனிப் பசை வேண்டும். ஸ்கீ கண்ணாடி பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் வேண்டும், ஏனெனில் பனியின் ஒளி கண்ணின் மேற்பரப்பையே சுட்டுப் புண்ணாக்கும்.

சறுக்காதவர்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அம்மம்மாவோ, கைக்குழந்தையோடு நிற்கும் தாயோ பயிற்சிச் சரிவின் ஓரத்தில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார்கள், ஆகையால் குடும்பத்திலேயே அவர்களுக்குத்தான் ஆகக் கூடுதலான குளிர். தடித்த, பஞ்சு அடைத்த நீளமான ஜக்கெற் உண்மையில் பயன்படுவது அவர்களுக்கே. காலுக்கு ஆழமான பிடிப்புள்ள, நீர்புகாத பனிச் சப்பாத்து வேண்டும். வயதானவர்களுக்குச் சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டியும் எடுத்துச் செல்லுங்கள். சேலையோ சுடிதாரோ உடுத்தியே ஆக வேண்டும் என்பவர்கள் அதைத் தங்குமிடத்தில் மாலையில் உடுத்தலாம். பனியில் ஈரம் ஏறும் நுனியோடு நடப்பது பாதுகாப்பானதல்ல.

இவை அனைத்தையும் புதிதாக வாங்கினால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குச் செலவு தாங்காது, அப்படி வாங்கவும் தேவையில்லை. தோலில் படும் உடை, காலுறை, கையுறை ஆகியவற்றை மட்டும் புதிதாக வாங்குங்கள். பிள்ளைகளின் ஜக்கெற்றும் காற்சட்டையும் பாவித்த பொருள்களை விற்கும் புரொக்கன்ஹவுஸ் கடைகளிலும், இலையுதிர் காலத்தில் ஊர்தோறும் நடக்கும் சிறுவர் உடைச் சந்தைகளிலும் நல்ல நிலையில் கிடைக்கும். ஆல்டி, லீடில் போன்ற கடைகளிலும் குளிர்காலத் தொடக்கத்தில் ஸ்கீ உடைகள் மலிவாக வருகின்றன, ஆனால் பிள்ளைகளின் அளவுகள் விரைவில் முடிந்துவிடும். ஸ்கீயையும் சப்பாத்தையும் வாடகைக்கு எடுப்பதே சரி. வளரும் பிள்ளைக்குப் பருவம் முழுவதற்குமான வாடகையும் உண்டு.

பெட்டியை மூடுமுன் எல்லோருக்கும் வீட்டுச் செருப்பு வைத்தீர்களா என்று பாருங்கள், ஏனெனில் ஈரச் சப்பாத்தைத் தங்குமிடத்தின் ஸ்கீ அறையிலேயே கழற்றிவிட வேண்டியிருக்கும். மாலையில் கையுறைகளைத் தொங்கவிட்டுக் காயவைப்பதற்கு ஒரு சிறு கயிறும் சில கிளிப்புகளும், பனிச் சப்பாத்துக்குள் திணிப்பதற்குப் பழைய செய்தித்தாள்களும் உதவும். ஜக்கெற்றின் இடது கையில் சிறிய பை ஒன்று இருக்கும். லிப்ட் அட்டையை அதில் மட்டும் வையுங்கள், கைத்தொலைபேசியை அதன் அருகில் வைக்காதீர்கள். அட்டை மட்டும் தனியாக இருந்தால் நுழைவாயிலில் கையுறையைக் கழற்றித் தேடாமலே கதவு திறக்கும்.