நாற்பது நோட்டிலும் ஒரே பதில்

1806 ஜூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள்? எட்டாம் வகுப்பில் நாற்பது நோட்டிலும் வரி மாறாமல் ஒரே பதில்: தோல் இலச்சினை வைத்த புதிய தலைப்பாகை.

‘உன் கருத்து என்ன?’ என்று கேட்டேன். என் முகத்தைப் படித்துப் பதில் சொன்னார்கள். குழு விவாதத்தில் முதல் மாணவி சொன்னதை மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். பட்டிமன்றம் வெறும் தொண்டைப் போட்டி.

பிறகு இரண்டு விளக்கங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஒன்று தலைப்பாகையையும், சமயக் குறி, தாடிக்கான தடையையும் காரணம் காட்டியது. மற்றது கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மகன்களை. ‘இரண்டுமே சரி’ என்றார்கள். அச்சில் வந்தால் சரிதானாம்!

மறுநாள் அதே வரிகளை என் கோணல் கையெழுத்தில் எழுதி நகலெடுத்தேன். உடனே ஒருவன், ‘இதை யார் எழுதியது, சார்?’ என்றான். நான்கு நாளாகக் காத்திருந்த கேள்வி. தலைப்பாகை உத்தரவுக்குப் பொறுப்பான சென்னை ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் பின்னர் திருப்பி அழைக்கப்பட்டதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ‘பழி திப்புவின் மகன்கள்மேல் விழுந்தால் யாருக்கு வசதி?’ என்று மட்டும் கேட்டேன்.

அன்று பதினொரு வகைப் பதில்கள் வந்தன. இரண்டு படுமோசம், ஆனாலும் அவர்களே எழுதியவை.