சிக்னல் உளவு வேலை: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணியம்பாடி பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. அதனால் இந்த வட்டாரத்தில் மிலிட்டரிக்குப் போகும் வழியைச் சொல்லித்தரப் பெரியவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் சிக்னல் உளவு என்று வந்துவிட்டால் யாரோ சொன்னதைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள். அங்கேதான் நல்ல பிள்ளைகள் பலர் வழி தவறுகிறார்கள்.

முதலில் வேலை என்ன என்பதைப் பார்ப்போம். எதிரியின் வானொலிப் பேச்சு, தரவுத் தொடர்பு, ரேடார் துடிப்பு ஆகியவற்றைப் பிடித்து, யார், எங்கிருந்து, எதற்காக அனுப்புகிறார்கள் என்று கண்டுபிடிப்பது. பேச்சைப் பிடிப்பது ஒரு வகை. ரேடாரின் துடிப்பு அகலம், துடிப்பு இடைவெளி, ஆன்டெனா சுற்றும் வேகம் ஆகியவற்றை அளந்து அது எந்த ரேடார் என்று சொல்வது இன்னொரு வகை. பேச்சு சங்கேதத்தில் இருந்து ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும், யார் யாரை எத்தனை முறை அழைக்கிறார் என்பதை வைத்தே கட்டளைச் சங்கிலியை வரைந்துவிட முடியும். 1999 கார்கில் போரின்போது பாகிஸ்தான் ராணுவத் தலைவர் முஷாரஃபும் அவருடைய தளபதி அஜீஸும் பேசிய தொலைபேசி உரையாடல் பிடிபட்டு வெளியானது ஊரறிந்த செய்தி. அந்தப் போரின் பாடத்தில்தான் 2002ல் முப்படைகளுக்கான உளவு அமைப்பான டிஃபென்ஸ் இன்டெலிஜென்ஸ் ஏஜென்சியும், 2004ல் தொழில்நுட்ப உளவு அமைப்பான என்.டி.ஆர்.ஓ.வும் உருவாயின.

இந்தப் பெயரில் ஆளெடுப்பு விளம்பரம் வராது

"சிக்னல் உளவுப் பகுப்பாய்வாளர் தேவை" என்று ராணுவம் அறிவிப்பு போடுவதில்லை. சிப்பாயாகப் போகிறவர் அக்னிவீர் தேர்வு எழுதிச் சேர்கிறார். சிக்னல்ஸ் படைப்பிரிவு கிடைத்தால் பயிற்சி ஜபல்பூரிலோ கோவாவிலோ உள்ள சிக்னல் பயிற்சி மையத்தில் நடக்கும். என்ன டிரேட், எந்த யூனிட் என்பதெல்லாம் மதிப்பெண், திறன் சோதனை, அப்போதைய தேவை ஆகியவற்றைப் பார்த்து முடிவாகும். உளவு வேலை அதற்கும் பிறகு வருவது. எனவே "இன்டெலிஜென்ஸ் போஸ்டிங் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், முன்னாள் ராணுவத்தினர் என்றே சொன்னாலும், அது மோசடி. அவர் கையில் கொடுப்பதற்கு எதுவுமே இல்லை.

பொறியியல் படிப்பவர்களுக்கு அதிகாரி வழி இருக்கிறது. கடைசி ஆண்டிலேயே ஷார்ட் சர்வீஸ் டெக்னிக்கல் நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. மதிப்பெண் பார்த்து எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரி தேர்வு வாரியத்துக்கு அழைப்பார்கள், ஐந்து நாள் சோதனை. அதில் தேறியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, பிறகு தகுதிப் பட்டியல், பயிற்சி. வேலூரில் இத்தனை பொறியியல் மாணவர்கள் இருந்தும் இந்த நுழைவைப் பற்றிக் கடைசி ஆண்டு முடிந்த பிறகு கேட்பவர்களே அதிகம். பெண்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. சிக்னல்ஸ் உள்ளிட்ட பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரக் கமிஷன் (ஓய்வு வயது வரை அதிகாரியாகத் தொடர்வது) உரிமையை 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

தரைப்படையை மட்டுமே பார்ப்பதும் ஒரு தவறுதான். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி 1992 முதல் இயங்குகிறது. அங்கிருந்து பறக்கும் பி-8ஐ கடற்கண்காணிப்பு விமானங்களில் பிற கப்பல்களின் ரேடார் அலையைப் பிடிக்கும் கருவிகளும் உண்டு. கடற்படைத் தகவல் தொடர்புப் பிரிவிலும் இதே இனத்து வேலை இருக்கிறது.

35 வாங்கினால் பாஸ், ஆனால் போதாது

அக்னிவீர் டெக்னிக்கலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணக்கு, ஆங்கிலம் இருக்க வேண்டும். மொத்தத்தில் 50 விழுக்காடு, ஒவ்வொரு பாடத்திலும் 40. நம் மாநிலத் தேர்ச்சி மதிப்பெண் 35. வேதியியலில் 37 வாங்கிப் பாஸ் செய்தவர், கோட்டை மைதானத்தில் எத்தனை மாதம் ஓடிப் பழகியிருந்தாலும், அந்தப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றை வைத்து இந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடுவது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது ஆன்லைன் பொதுத் தேர்வு முதலில், ஓட்டம் பிறகு. டெக்னிக்கல் தாளில் கணக்கும் அறிவியலும்தான் பெரும்பகுதி. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். ஓட்டத்துக்கு ஆறு மாதமும் கணக்குக்கு ஆறு நாளும் ஒதுக்குகிறவர் மைதானம் வரை வந்து சேர்வதில்லை.

அடுத்தது பெயர். நம் ஊர் இனிஷியல் பழக்கம் ஆவணச் சரிபார்ப்பில் பெரும் தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "முருகன் கே", ஆதாரில் "கே. முருகன்", வங்கிக் கணக்கில் அப்பா பெயரோடு சேர்த்து "முருகன் கண்ணன்" என்றிருந்தால், மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பாகிவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் சாதாரணமாக மாற்ற முடியும், ஆகவே எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கொடுங்கள். 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காட்டிலோ வாணியம்பாடியிலோ இருப்பவர் கையில் இன்னமும் "வேலூர் மாவட்டம்" என்று அச்சிட்ட சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் இருக்கலாம். மூன்று மாவட்டமும் சென்னை ஆளெடுப்பு அலுவலகத்துக்குக் கீழேதான் வருகின்றன என்றாலும், காவல்துறைச் சரிபார்ப்பு உங்கள் இப்போதைய மாவட்டத்துக்குப் போகும். இ-சேவை மையத்தில் புதிய சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ரகசியம் சார்ந்த பணிக்குப் பின்னணிச் சோதனை இன்னும் நுணுக்கமாக நடக்கும். படிவத்தில் ஒரு வழக்கையோ ஒரு முகவரியையோ மறைப்பது, அந்த விஷயத்தைவிடப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும்.

காதைக் காப்பாற்றுங்கள். இயர்போனில் முழுச் சத்தம் வைத்துக் கேட்கும் பழக்கம் முதலில் பாதிப்பது மேல் அலைவெண் கேட்கும் திறனை; அது திரும்ப வராது. இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரலைப் பிரித்தறிவதுதான் இந்த வேலை. மருத்துவப் பரிசோதனைக்கு முன் காது அழுக்கை டாக்டரிடம் எடுத்துவிடுங்கள், குச்சி போட்டுக் குடையாதீர்கள்.

உள்ளே போன பிறகு

வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு, கேட்டதையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவது. "நிலையம் ஆ 18:00க்குப் பிறகு பேசவில்லை" என்பது கேட்டது. "நிலையம் ஆ இடம் மாறிவிட்டது" என்பது ஊகம். பேசாமல் போனதற்கு பேட்டரி தீர்ந்திருக்கலாம், அலைவரிசை மாறியிருக்கலாம், வானொலி மௌனத்துக்கு உத்தரவு வந்திருக்கலாம், அல்லது உங்கள் பக்கத்து ஆன்டெனாவிலேயே கோளாறு இருக்கலாம். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதி, ஊகத்துக்கு எவ்வளவு உறுதி என்றும் குறிக்கிறவரின் அறிக்கையை மேலே இருப்பவர் நம்பத் தொடங்குவார். அந்த நம்பிக்கைதான் அடுத்த கோர்ஸுக்கும் அடுத்த பொறுப்புக்கும் உங்கள் பெயரைக் கொண்டுபோகும். பரபரப்பாக எழுதிப் பெயர் வாங்கப் பார்ப்பவர் இரண்டு தவறான எச்சரிக்கையோடு ஓரங்கட்டப்படுவார்.

நேரக் குறிப்பில் வரும் பிழை சின்னதாகத் தெரியும், விளைவு பெரிது. நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே. பாகிஸ்தான் ஐந்து மணி, சீனா எட்டு மணி. அங்கே காலை 6:00க்குத் தொடங்கும் பாகிஸ்தான் நிலையம் நம் கடிகாரத்தில் 6:30, பொது நேரத்தில் 01:00. லாக் புத்தகத்தில் ஒருவர் நம் நேரத்தையும் அடுத்த ஷிஃப்ட்காரர் பொது நேரத்தையும் எழுதினால், ஒரே அழைப்பு இரண்டு அழைப்பாகிவிடும், தினசரி வழக்கமும் குழம்பிவிடும். எந்த நேரம் என்று பக்கத்தின் தலையிலேயே எழுதுங்கள்.

திசை காணும் கருவியை அளவுக்கு மீறி நம்புவதும் அடிக்கடி நடக்கிறது. 2 பாகை பிழை இருந்தால், 50 கிலோமீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 1,750 மீட்டர் விலகல். ஒரே கோணத்தை வைத்து இடம் சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு இடத்திலிருந்து கோணம் வேண்டும், மூன்று இருந்தால் பிழை கண்ணுக்குத் தெரியும். கோடுகள் செங்குத்துக்கு நெருக்கமாக வெட்டும்படி நிலையங்கள் அமைந்தால் நல்லது. குறுகிய கோணத்தில் வெட்டினால் இலக்கு நீண்ட பட்டையாக இழுபடும். வரைபடத்தில் புள்ளி வைக்காமல் அந்தப் பட்டையையே வரைந்து அனுப்புவதுதான் நேர்மை.

மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். யூனிட்டில் நாள் முழுதும் இந்தி, அறிக்கை ஆங்கிலத்தில். அதற்கு மேல் அயல்மொழி ஒன்று கற்றவருக்கு இந்தத் துறையில் எப்போதும் இடம் உண்டு. பச்மடியில் உள்ள ராணுவக் கல்விப் படைக் கல்லூரியிலும் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் அயல்மொழிப் பள்ளியிலும் பயிற்சி நடக்கிறது. மொழிப் பயிற்சிக்கு யார் வருகிறீர்கள் என்று யூனிட்டில் கேட்கும்போது கை தூக்குங்கள். கஷ்டமான மொழி என்று ஒதுங்குகிறவர்கள் பெரும்பாலும் பிறகு வருந்துகிறார்கள். அதேபோல மௌவில் உள்ள ராணுவத் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரியில் நடக்கும் ஃபோர்மேன் ஆஃப் சிக்னல்ஸ், யோமன் ஆஃப் சிக்னல்ஸ் என்ற மேற்பயிற்சிகளுக்கான தகுதியை ஹவில்தார் ஆன பிறகு விசாரிப்பது தாமதம். சேர்ந்த உடனே கேட்டு, அதற்கான கல்விச் சான்றுகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வாருங்கள்.

ஊரில் வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றி வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பையன் லீவில் வரும்போது படமும் ரேங்கும் யூனிட் எண்ணும் பணியிடமும் போட்டு வரவேற்பு வைப்பது பாசத்தில் செய்வதுதான். அது போனில் படமாகி எங்கெங்கோ போகிறது. கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. 2020 ஜூலையில் ராணுவம் ஃபேஸ்புக் உள்ளிட்ட 89 செயலிகளை வீரர்கள் நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டதற்குக் காரணம் இந்த வகைக் கசிவுதான். அறிமுகமில்லாத பெண் பெயரில் நட்பு அழைப்பு வந்து, பேச்சு மெல்ல யூனிட் பக்கம் திரும்பினால், அன்றே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். முதல் நாளே சொன்னவருக்குப் பெரும்பாலும் அறிவுரையோடு முடியும். மறைத்தவரை 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் வரை கொண்டுபோய்விடும்.

வெளியே வரும்போது

அக்னிவீர் பணி நான்கு ஆண்டு. நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவது ஒரு தொகுதியில் அதிகபட்சம் 25 விழுக்காடு. முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000 என்றாலும் 30 விழுக்காடு சேவா நிதிக்குப் போய் கைக்கு வருவது 21,000. முடிவில் சேவா நிதியாக 10.04 லட்சமும் வட்டியும் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. அந்தப் பணத்தை நம்பித் தங்கைக் கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ முன்கூட்டியே கடன் வாங்குவது நம் பக்கம் அதிகம். நான்காம் ஆண்டு முடிவில் கையில் காசும் இல்லை, சான்றிதழும் இல்லை என்றாகிவிடக் கூடாது. அக்னிவீர்களுக்காக இக்னோ பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு நடத்துகிறது. படையில் பெறும் பயிற்சிக்கு அதில் பாதி மதிப்பெண் அலகு கிடைக்கும். முதல் ஆண்டிலேயே சேர்ந்துவிடுங்கள்.

நீண்ட பணி செய்தவர்கள் செய்யும் தவறு வேறு. கடைசி இரண்டு ஆண்டில், ஓய்வுக்குப் பின் வேறு வேலைக்குத் தயார்செய்யும் மறுவாழ்வு இயக்ககத்தின் பயிற்சிக்கு 24 வாரம் வரை அனுமதி உண்டு. அதை வீட்டு வேலைக்கான விடுப்பாகக் கழித்துவிட்டு, பிறகு செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள். சிக்னல் உளவுக்காரருக்குப் பொருத்தமான இடம் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் வலையமைப்புப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள். நெட்வொர்க் அடிப்படை, பைத்தான், லாக் பகுப்பாய்வு ஆகிய மூன்றையும் அந்த 24 வாரத்தில் கற்றுச் சான்று வாங்கலாம். வேலை விண்ணப்பத்தில் இடம், இலக்கு, கருவியின் பெயர் எதையும் எழுதக் கூடாது. "24 மணி நேரக் கண்காணிப்புக் குழுவில் ஷிஃப்ட் பொறுப்பு, தினசரி அறிக்கைத் தயாரிப்பு, எட்டுப் பேருக்குப் பயிற்சி" என்று திறனாக எழுதினால் போதும், கேட்பவருக்குப் புரியும்.

வீட்டில் சின்ன ரேடியோ ரிசீவர் வாங்கிப் போலீஸ் வயர்லெஸ்ஸைக் கேட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அனுமதியின்றித் தொடர்பை இடைமறித்தால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி வரை அபராதம். ஆர்வம் இருந்தால் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி உரிமம் வாங்குங்கள். 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம். சேர்வதற்கு முன் பழகவும் ஓய்வுக்குப் பின் கை விட்டுப்போகாமல் இருக்கவும் அதைவிட நல்ல வழி இல்லை.

படையை விட்டு வரும் நாளில் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ஊருக்கு வந்த பிறகு அதைத் திருத்த ரெக்கார்டு ஆபீஸுக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டிவரும்.