நாலாம் தாளுக்கு ஒரு பேரேடு

ஆலைகளில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்ப்பவர் எரிசக்தித் தணிக்கையாளர். அந்தத் தேர்வுக்கு நாலு தாள். 2001-ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ் வந்த பி.இ.இ. என்கிற மத்திய அமைப்பு கொடுக்கும் சான்றிதழ் இது. முதல் மூன்று தாள்களுக்கும் தலா 150 மதிப்பெண், 3 மணி நேரம். பேனாவும் கால்குலேட்டரும் போதும். எரிசக்தி மேலாளர் ஆக நினைப்பவர்கள் அதோடு நின்றுவிடலாம். தணிக்கையாளர் ஆக வேண்டுமானால் நாலாவதையும் எழுத வேண்டும்: 100 மதிப்பெண், 2 மணி நேரம், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். ஒவ்வொரு தாளிலும் பாதி மதிப்பெண் எடுத்தால் பாஸ்.

"புத்தகம் பார்த்து எழுதலாம்னா அது என்னடா பரீட்சை?" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை மூன்று தாளும் தேறி, நாலாவதில் கவிழ்ந்தேன்.

கவிழ்ந்த கதையைச் சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம். சேலத்தில் ஒரு நூற்பாலையில் யுட்டிலிட்டி பார்க்கிறேன்: கம்ப்ரசர், சில்லர், ஹியூமிடிஃபிகேஷன், ஒரு சின்ன பாய்லர். பதினைந்து வருஷ அனுபவம் இருக்கிற தைரியத்தில் பதினோரு புத்தகத்தை டிராலி பையில் அடைத்துக்கொண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி சென்னை போனேன். மையம் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. மேசையில் வினாத்தாளும் விடைத்தாளும் வைத்தபிறகு ஒரு புத்தகம் விரிக்கத்தான் இடம். மீதிப் பத்தும் காலடியில். தலைக்கு மேல் ஃபேன். நான் தனித்தனித் தாளாக வைத்திருந்த மாதிரிக் கணக்குகள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே முன் பெஞ்சுக்குப் போய்விட்டன. கூலிங் டவரில், அதாவது சூடான தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கிற கோபுரத்தில், ஆவியாதல் இழப்புச் சூத்திரத்தைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது, எந்தப் புத்தகத்தில் என்பது மட்டும் வரவில்லை. அதைத் தேடி எடுக்க எனக்கு ஒன்பது நிமிஷம் ஆனது.

அந்த ஒன்பது நிமிஷத்தின் விலையைப் பாருங்கள். 120 நிமிஷத்துக்கு 100 மதிப்பெண், அதாவது மதிப்பெண்ணுக்கு 1.2 நிமிஷம். 20 மதிப்பெண் கணக்கு ஒன்றுக்கு 24 நிமிஷம். நான் ஒரே ஒரு சூத்திரத்துக்காக ஏழெட்டு மதிப்பெண்ணைக் கொட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்து சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது அப்பா அந்த டிராலி பையைத் திறந்து பார்த்தார். அவர் செவ்வாய்பேட்டை லீ பஜாரில் ஒரு மண்டியில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். "இதெல்லாம் நாள்வழியாட்டம் இருக்கு சாமி. பேரேடு எங்க?" என்றார்.

மண்டியில் அன்றைக்கு நடக்கிற வரவு செலவெல்லாம் நடந்த வரிசையில் நாள்வழியில் விழும். சாயங்காலம் அதை ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றி, நாள்வழி வரியின் ஓரத்தில் பேரேட்டுப் பக்க எண்ணைப் போடுவார். யாராவது வந்து "என் பாக்கி எவ்வளவு?" என்றால் நாள்வழியைத் தொடவே மாட்டார். பேரேட்டின் முன்பக்க அட்டவணையில் பெயர், பெயருக்கு எதிரே பக்கம், அவ்வளவுதான். பாடப்புத்தகமும் நாள்வழி மாதிரிதான். எழுதியவருக்குத் தோன்றிய வரிசையில் போகும். நமக்கு வேண்டியது கேள்வி கேட்கிற வரிசை.

இரண்டாம் தடவை எடுத்துப் போனது ஐந்தே உருப்படி. பி.இ.இ. வழிகாட்டிப் புத்தகங்களில் இரண்டு, மூன்று, நாலு. ஒரு நீராவி அட்டவணை. நானே எழுதிய பேரேடு. முதல் புத்தகத்தில் எனக்குத் தேவைப்பட்டது நிதிக்கணக்கும் சில அலகு மாற்றமும் மட்டும். அவற்றைப் பேரேட்டில் ஏற்றிவிட்டு வீட்டிலேயே வைத்தேன். கல்லூரிக்கால தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தை எடுத்துப் போக ஆசை வரும். வேண்டாம். தேர்வு அறையில் புதிதாக எதையும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது.

முதல் வேலை பக்க எண். நான் வைத்திருந்தது ஜெராக்ஸ் கடையில் எடுத்த பிரிண்ட். அதில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எண் புதிதாக ஆரம்பித்தது. சிவப்புப் பேனாவால் மேல் மூலையில் தொடர் எண் போட்டேன்: நாலாம் புத்தகத்தின் 112-ஆம் பக்கம் என்றால் 4-112. ஒரு சாயங்கால வேலை, கை வலிக்கும். ஆனால் இது இல்லாமல் அட்டவணை எழுத முடியாது. அடுத்து பைண்டிங். காலிகோ பைண்டிங் பார்க்க அழகாக இருக்கும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஸ்பைரல் போடுங்கள். தட்டையாக விரியும், மடக்கிப் பின்னாலும் திருப்பலாம். தனித்தாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் பார்க்கிற சைக்ரோமெட்ரிக் சார்ட்டைக்கூட ஸ்பைரலுக்குள் சேர்த்துக் கட்டினேன்.

பக்கக் குறிக்கு எல்லோரையும் போல நானும் முதலில் ஸ்டிக்கி நோட்டுதான் ஒட்டினேன். அமைதியாகப் படிக்கலாம் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். நல்ல பனிமூட்டம். ஜன்னலோரம் வைத்த புத்தகம் காலையில் நமத்துப்போய், நோட்டில் பாதி தரையில் கிடந்தது. (படித்ததும் ஒன்றும் பெரிதாக இல்லை. பஜ்ஜி தின்றதுதான் மிச்சம்.) கீழே வந்ததும் அப்பாவின் பேரேட்டு முறைக்கு மாறினேன்: ஓரத்தைப் படிப்படியாக வெட்டுவது.

என் பேரேட்டில் 14 தலைப்பு. ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர், தலைப்புக்கு 2 சென்டிமீட்டர் வைத்தால் 28-இல் முடிந்துவிடும். முதல் தலைப்பின் தாள்கள் எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் மேலே 2 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ளதை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி எடுங்கள். இரண்டாம் தலைப்பில் மேலே 4 சென்டிமீட்டர் விடுங்கள், மூன்றாவதில் 6. கடைசித் தலைப்பை வெட்ட வேண்டாம். அடுக்கினால் பதினாலு படிக்கட்டு தெரியும். படிக்கட்டில் பெயர் எழுதி, மேலே செல்லோ டேப். வெப்பம் சம்பந்தப்பட்டதற்குச் சிவப்பு மை, மின்சாரத்துக்கு நீலம், பணக்கணக்குக்குப் பச்சை. வெட்டுவதற்கு முன்னால் பைண்டிங் போட்டுவிடாதீர்கள், நான் ஒரு தடவை போட்டுவிட்டுப் பிரித்தேன். ஓரத்தில் எழுத்து வராதபடி முதலிலேயே மார்ஜின் விட்டு எழுதுங்கள்.

பேரேட்டுக்குள் ஒரு விஷயத்துக்கு விரித்த இரண்டு பக்கம். இடது பக்கம் சூத்திரம், ஒவ்வொரு எழுத்துக்கும் நேரே அதன் அலகு, புத்தகத்தில் அது இருக்கும் பக்கம். வலது பக்கம் எண் போட்டு முழுசாகச் செய்த ஒரு கணக்கு. வலது பக்கம்தான் உயிர். பதற்றத்தில் சூத்திரத்தைப் பார்த்தால் மண்டையில் ஏறாது. செய்து வைத்த கணக்கைப் பார்த்தால் கை தானாக எண்ணை மாற்றிப் போட்டுக்கொண்டு போகும்.

பம்ப் பக்கத்தைச் சொல்கிறேன். மணிக்கு 180 கன மீட்டர் தண்ணீர், மொத்த ஹெட் (பம்ப் தண்ணீரைத் தள்ள வேண்டிய உயரக் கணக்கு) 40 மீட்டர். மோட்டார் இழுப்பது 30 கிலோவாட், மோட்டார் திறன் 90 சதவீதம். 180-ஐ 3600-ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.05 கன மீட்டர். அதை 40-ஆலும் 9.81-ஆலும் பெருக்கினால் 19.62 கிலோவாட், தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த சக்தி. மோட்டார் தண்டில் (ஷாஃப்ட்) கிடைத்தது 30-இல் 90 சதவீதம், 27 கிலோவாட். பம்பின் திறன் 72.7 சதவீதம். இதில் 3600-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஏனென்றால் முதல் தடவை நான் அதை மறந்தேன். நீங்கள் தடுக்கி விழுந்த இடத்தில் எல்லாம் இப்படி வட்டம் போடுங்கள். பாய்லர் பக்கத்தில் என் வட்டம் உபரிக்காற்றில் (எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமாகப் போகும் காற்று): புகையில் ஆக்சிஜன் 7 சதவீதம் என்றால் 7-ஐ, 21-இலிருந்து 7 போன 14-ஆல் வகுக்க வேண்டும், 50 சதவீதம். 21-ஆலேயே வகுத்துவிட்டு, ஏன் விடை சிறுத்துப்போச்சு என்று முழித்திருக்கிறேன்.

முன் அட்டையின் உள்பக்கம் அலகுகளுக்கு. 1 கிலோவாட் மணி 860 கிலோகலோரி. 1 கிலோகலோரி 4.187 கிலோஜூல். 1 டன் குளிர்பதனம் மணிக்கு 3024 கிலோகலோரி, அதாவது 3.517 கிலோவாட். இதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும் என்பீர்கள். எனக்கும் தெரியும். அறையில் உட்கார்ந்தபோது 3024-ஆ 3204-ஆ என்று ஒரு சந்தேகம் வந்தது பாருங்கள்!

இனி அட்டவணை. நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான், அதிகப் பலன் கொடுத்ததும் இதுதான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பக்கம், 26 பக்கம், பேரேட்டின் முன்னால். அப்பா ஒரு ரகசியம் சொன்னார். மண்டியில் ஒரே ஆளை மூன்று இடத்தில் எழுதி வைப்பாராம்: கடைப் பெயரில், ஊர்ப் பெயரில், பட்டப்பெயரில். "ஆள் வந்து நிக்கிறப்ப எந்தப் பேரு வாயில வருதோ, அங்க இருக்கணும்." அதே மாதிரி புளோடவுனை (உப்பு சேர்ந்த பாய்லர் தண்ணீரைக் கொஞ்சம் வெளியேற்றுவது) அந்தப் பெயரிலும் எழுதினேன், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். என்றும் எழுதினேன், பாய்லர் தண்ணீர் என்றும் எழுதினேன். அப்ரோச், ரேஞ்ச் இரண்டும் எனக்கு எப்போதும் மாறிப்போகும். அதனால் அட்டவணை வரியிலேயே விளக்கம்: ரேஞ்ச் என்றால் டவருக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம், அப்ரோச் என்றால் வெளியே வரும் தண்ணீருக்கும் வெட் பல்ப் வெப்பநிலைக்கும் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) உள்ள வித்தியாசம். அந்த ஒரு வரிக்காகப் பக்கம் புரட்ட வேண்டாம். ஆவியாதல் இழப்பு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது, பழைய கோபம்.

அட்டவணை சரியா என்று நாமே சோதிக்க முடியாது. எழுதின கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா பழைய வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வார்த்தையைக் கூப்பிடுவார், நான் பக்கத்தை விரித்துக் காட்ட வேண்டும். பையன் போனில் நேரம் பார்ப்பான். 15 வினாடிக்கு மேல் போனால் தோல்வி. தோற்ற வார்த்தையை அந்த இடத்திலேயே, என் வாயில் வந்த பெயரிலும் சேர்த்து, அட்டவணையில் எழுத வேண்டும். "எல்.எம்.டி.டி. யாரு சாமி, எந்த ஊரு பார்ட்டி?" என்று, வெப்பப் பரிமாற்றிக் கணக்கில் வரும் சராசரி வெப்பநிலை வித்தியாசத்தைக்கூட ஒரு ஆளாக்கிக் கேட்டுக்கொண்டே ஒரு மாசம் கூப்பிட்டார். முதல் வாரம் பத்துக்கு நாலு தேறியது. மூன்றாவது வாரம் ஒன்பது.

பழைய வினாத்தாள் கணக்குகளையும் வருஷவாரியாகக் கட்டாதீர்கள், அதுவும் நாள்வழிதான். பாய்லர் கணக்கெல்லாம் பாய்லர் படிக்கட்டுக்குள், வெப்பப் பரிமாற்றி அதன் படிக்கட்டுக்குள். நான் எழுதியபோது கடைசிக் கேள்வியில் ஆலை வகையை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நான் ஜவுளியை மட்டும் ஆழமாகச் சேர்த்தேன், சிமெண்டையும் எஃகையும் தொடவில்லை. என்ன எடுத்துப் போகலாம், எந்தக் கால்குலேட்டர் என்பதை மட்டும் உங்கள் வருஷத்து அறிவிப்பில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிடுங்கள். புரோகிராம் போடாத சயின்டிஃபிக் கால்குலேட்டரே இரண்டு வைத்திருந்தேன்.

அறையில் பேரேடு மட்டும் மேசை மேல் விரித்து இருக்கட்டும். மற்ற நாலும் பெஞ்சில் இடது பக்கம், அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எண். ஒரு மதிப்பெண் கேள்விகளுக்குப் புத்தகத்தைத் தொடவே கூடாது. தெரிந்ததை எழுதிவிட்டு மேலே போங்கள், நேரம் மிஞ்சினால் பார்க்கலாம். 20 மதிப்பெண் கணக்கில் முதலில் கொடுத்த விவரத்தை அலகு மாற்றி எழுதிவிட்டு, பிறகு பேரேட்டைத் திருப்புங்கள்.

இரண்டாம் தடவை எழுதிவிட்டு விடிகாலையில் ஜங்ஷனில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். எப்படி எழுதினாய் என்று அப்பா கேட்கவில்லை.

"எத்தன தடவ அட்டவணையத் தொட்ட?"

"பதினேழு இருக்கும்ப்பா."

"கிடைக்காதது?"

"ஒண்ணு. ஸ்கேல் லாஸ். ஃபர்னஸ் கணக்குல வந்துச்சு."

காபி வருவதற்குள் பேரேட்டை என் பையிலிருந்து எடுத்து, எஸ் பக்கத்தைத் திருப்பி, பேனாவை என்னிடம் நீட்டினார்.