ஸ்டோரேஜ் டிரைவர் குவிர்க்குகளைக் களையெடுப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கு

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனி. கணக்கறையில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, அதில் யூஎஸ்பி வழியாக ஒரு எஸ்எஸ்டி. பூட் வரியில், அதாவது பெட்டி எழும்போது லினக்ஸின் மையமான கர்னலுக்குப் போகும் அமைப்பு வரியில், யாரோ எப்போதோ சேர்த்த ஒரு குவிர்க். ஏன் என்று கேட்டால், “அண்ணே, அதைத் தொட்டா பெட்டி எந்திரிக்காது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வன்பொருள் தரநிலைப்படி நடக்காதபோது டிரைவர் அதற்குக் கொடுக்கும் விதிவிலக்குதான் குவிர்க். மேலே சொன்ன பெட்டியில் இருப்பது ‘யூ’ என்ற கொடி. ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசையில் அனுப்பும் யூஏஎஸ் முறையை அது அணைத்துவிடும். பிறகு பழைய முறைதான்: ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. வட்டு வேலை செய்யும், வேகம் குறையும்.

படி 1: இருப்பதைப் பாருங்கள்

முதலில் கணக்குக் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுங்கள். பிறகு யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ (lsusb) கட்டளையில் தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ (dmesg) வெளியீட்டில் குவிர்க் பொருந்தியது என்றும் யூஏஎஸ் தவிர்க்கப்பட்டது என்றும் வரிகள் வந்திருந்தால், கொடி உண்மையிலேயே வேலை செய்கிறது. வராவிட்டால் அது வேறு எண்ணுள்ள சிப் கொண்ட பழைய இணைப்புக் கேபிளுக்காகப் போட்டதாக இருக்கலாம், எடுத்துவிடலாம்.

படி 2: சிப்பைக் குறை சொல்லும் முன் கேபிள்

இந்தக் கரையில் இதைத் தாண்டிப் போகவே கூடாது. உப்புக்காற்றில் யூஎஸ்பி முனைகள் பச்சை பூத்துவிடும். வட்டு நடுவில் அறுந்து அறுந்து சேரும். பார்ப்பதற்கு யூஏஎஸ் கோளாறு போலவே இருக்கும். மின்சாரமும் அப்படித்தான்: பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். டிமெசேஜில் மின்னழுத்தக் குறைவு எச்சரிக்கை இருந்தால் முதலில் அடாப்டரை மாற்றுங்கள். புதுக் கேபிள், தனி மின்சாரமுள்ள ஹப் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் எழுதிய குவிர்க்கை நான் நம்புவதில்லை.

படி 3: கர்னலின் சொந்தப் பட்டியல்

பலருக்குத் தெரியாத இடம் இது. லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே, யூஎஸ்பி ஸ்டோரேஜ் அடைவில், தரநிலைப்படி நடக்காத சாதனங்களுக்கான ‘அன்யூஷுவல் டெவ்ஸ்’ (unusual_devs) என்ற பட்டியல் இருக்கிறது. நீங்கள் பூட் வரியில் எழுதும் கொடி, அதே சாதனத்துக்குக் கர்னல் வைத்திருக்கும் பெரும்பாலான கொடிகளோடு சேர்வதில்லை. அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உதாரணமாக, ஒரே கட்டளையில் அதிக அளவு தரவு வந்தால் சில சிப்கள் தாங்காது. அதற்குக் கர்னலில் தனிக் கொடி உண்டு. நீங்கள் ‘யூ’ மட்டும் எழுதினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நல்லது செய்யப் போட்ட வரியே கெடுதல் செய்யும்.

படி 4: எடுத்துப் பார்ப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏலம் மந்தம், சோதனைக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. பூட் வரி இருக்கும் கமாண்ட்லைன் கோப்பைத் (cmdline.txt) திறந்து குவிர்க் பகுதியை மட்டும் நீக்குங்கள். கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும், என்டர் தட்டிவிடாதீர்கள். பெட்டி எழாவிட்டால், பூட் பகுதி இருக்கும் கார்டையோ வட்டையோ வேறு கணினியில் செருகிப் பழைய வரியைத் திரும்பப் போடலாம், பயம் வேண்டாம். எழுந்தால், பெரிய கோப்புகளை நகலெடுத்துக்கொண்டே டிமெசேஜில் ரீசெட், அபார்ட் என்ற செய்திகள் வருகின்றனவா என்று கவனியுங்கள். சில நாள் ஓடட்டும்.

படி 5: காரணத்தை எழுதுங்கள்

குவிர்க் தேவைதான் என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோப்பில் குறிப்பு எழுத வழியில்லை. பக்கத்திலேயே ஓர் உரைக்கோப்பில் சாதன எண், கண்ட பிழைச்செய்தி, கர்னல் பதிப்பு, சோதித்த தேதி நான்கையும் எழுதுங்கள்.

கர்னல் நிரலைத் தொட விரும்பும் மாணவர்களுக்கு நல்ல பாடம், 2024-இல் சாட்டா டிரைவர்களின் லிப்ஏடிஏ பகுதியில் நடந்த சீரமைப்பு. ‘ஹார்கேஜ்’ என்று கிடந்த பெயர்களை எல்லாம் ‘குவிர்க்’ என்று மாற்றினார்கள். எந்த வட்டுக்கு எந்தக் குவிர்க் பொருத்தப்படுகிறது என்று டிமெசேஜில் அச்சிடவும் வைத்தார்கள். உங்கள் யூஎஸ்பி சாதனத்தை அன்யூஷுவல் டெவ்ஸில் சேர்ப்பதானால், எண் வரிசை கலையாமல் சரியான இடத்தில் நுழையுங்கள். மேலே காரணத்தை எழுதுங்கள். 0000 முதல் 9999 வரை சாதனத்தின் எல்லாப் பதிப்பு எண்களுக்கும் பொருந்தும்படி பதிவு போடுவது சுலபம். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பதிப்பு என்றால் அதை மட்டும் போடுங்கள். பழைய பதிவு ஏன் வந்தது என்று, ஒவ்வொரு வரியையும் எந்த மாற்றம் கொண்டுவந்தது என்று காட்டும் ‘கிட் பிளேம்’ (git blame) கட்டளை சொல்லும்.